சிவப்பு நாடாவுக்குள் முளைத்த காடு

கிள்ளானில் எங்கள் குடியிருப்பை ஒட்டிய குன்றுப் பூங்காவின் வாயிலில் அண்மையில் ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். 'இக்காடு தன்னார்வலர்களின் அயராத உழைப்பால் மீண்டும் உருவானது' என்பது அதன் வாசகம். அத்தன்னார்வலர் குழுவின் செயலாளர் நான். ஓய்வுபெற்ற தமிழாசிரியனும் ஆவேன். உண்மையல்லாத வாக்கியம் ஒன்று பிழையற்ற தமிழில் நிமிர்ந்து நிற்பதை என்னால் பொறுக்க இயலவில்லை. அக்காட்டை உருவாக்கியது எங்கள் உழைப்பன்று. ஒரு மனிதரின் அச்சம். அதைப் பதிந்துவைப்பது என் கடன்.

கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் சல்லடையிட்டுத் தேடினாலும் எங்கள் குழுவின் 'ஆவாஸ்' அண்ணனைப் போல் அஞ்சத் தெரிந்தவர் அகப்படமாட்டார். ஆவாஸ் என்பது சாலையோரப் பலகைகளில் காணும் மலாய் எச்சரிக்கைச் சொல். அவர் வாயில் வணக்கத்துக்குப் பதிலாக அதுதான் வரும். இயற்பெயர் எவருக்கும் தெரியாது. வருகைப் பதிவேட்டில் எழுத மறுத்துவிட்டார்.

"பேரு எழுதி வச்சா, ஆளத் தேடுறப்பதான் சார் எடுத்துப் படிப்பாங்க. வேணாம் லா."

முப்பது ஆண்டுகள் லோரி ஓட்டியவர். ஒரு கீறலும் பட்டதில்லை. அவருடைய கவலைக்கு அதுவே வேர்.

"முப்பது வருசம் ஒண்ணுமே ஆவல சார். அப்ப எல்லாம் ஒண்ணா சேந்து எங்கயோ காத்துக்கிட்டு இருக்குன்னுதானே அர்த்தம்?"

ஞாயிறுதோறும் மரம் நடும் பணிக்குத் தலைக்கவசம் அணிந்து வருவார். அட்டைக்கு உப்பு, பாம்புக்கு மூங்கில் கழி, இடிக்கு ரப்பர் காலணி. நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை நாங்கள் வெட்டவெளியில் பிரித்தலாகாது; குரங்கு கண்டுவிடும். அவருடைய வேனுக்குள் புகுந்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, குழுவினர் எட்டுப் பேரும் வியர்வையில் ஊறியபடி சம்பலை விழுங்குவோம்.

"பாருங்க சார், குரங்கு வெளிய ஜாலியா உக்காந்திருக்கு. கூண்டுக்குள்ள நாமதான் இருக்கோம்" என்பார், உணவுக்கடை நடத்தும் பார்வதி அக்கா.

"இருக்கட்டும்கா. கடிபடாம இருக்கோம்ல!"

குன்றுச் சரிவின் நடுவே முதிர்ந்த தூங்குமூஞ்சி மரம் ஒன்று உண்டு. அதன் பெருங்கிளை எக்கணமும் விழும் என்று வந்த முதல் வாரமே அறிவித்த அண்ணன், கிளை நிழல் விழும் இடம் முழுவதையும் வளைத்துச் சிவப்பு நாடா கட்டினார். உள்ளே எவரும் கால் வைக்கக் கூடாது. மூன்று ஆண்டுகள் கழிந்தன. கிளை விழவில்லை. நாடா நைந்தபோதெல்லாம் புதிது கட்டினார்.

எஞ்சிய சரிவு எங்கள் ஆட்சியில் இருந்தது. கொடிகளை அறுத்தோம், புல்லைச் செதுக்கினோம், சருகுகளைக் கோயில் பிரகாரம்போல் பெருக்கினோம். நாங்கள் நட்ட கன்றுகளோ ஒன்றன்பின் ஒன்றாகக் கருகின. அது கண்டு மனம் நொந்து, இன்னும் நன்றாகப் பெருக்கினோம்.

இந்நிலையில் நகராண்மைக் கழகத்திலிருந்து கடிதம் வந்தது. சரிவில் மரங்கள் எழும் அறிகுறி இல்லையெனில் அவ்விடம் வாகன நிறுத்துமிடமாகும்; வரும் ஞாயிறு அலுவலர் நேரில் பார்வையிடுவார். காட்டுவதற்கு எங்களிடம் ஒரு தளிர்கூட இல்லை. இருந்ததெல்லாம் ஆபத்தை ஊருக்கு அறிவிக்கும் அந்தச் சிவப்பு நாடாதான்.

சனிக்கிழமை அண்ணனிடம் மன்றாடினேன்.

"அண்ணே, நாடாவ மட்டும் அவுத்துடுங்க. ஆபத்தான இடம்னு சொல்லி மொத்தத்தையும் வெட்டிருவாங்க."

"அவுத்தப்புறம் கிளை விழுந்தா? யார் மண்டை சார்?"

"மூணு வருசமா விழல!"

"அதான் சார் பயமே!"

சினத்தில் என் நா தடித்தது. "நாளைக்கு நீங்க வராம இருந்தா, அதுவே குழுவுக்குப் பெரிய உதவி" என்றேன். அவர் மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் வந்த அலுவலர் ஓர் இளம் மலாய்ப் பெண்மணி. எங்கள் சரிவை நெடுநேரம் நோக்கினார். "மிகவும் சுத்தமாக இருக்கிறது" என்றார் மலாயில். அது பாராட்டன்று என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. பிறகு நாடாவின் அருகே சென்றவர் நின்றார். குனிந்து உள்ளே நுழைந்தார்.

"புவான்! ஆவாஸ்! ஆவாஸ்!"

அம்மணியை எச்சரித்துக் கத்தியபடி, வாயிலுக்கு வெளியே நின்றிருந்த அண்ணன் ஓடிவந்தார். மூன்று ஆண்டுகளில் முதன்முறையாகத் தம் நாடாவைத் தாமே தாண்டினார். தலைக்கவசத்தைக் கழற்றி அப்பெண்மணியின் தலையில் வைத்தார். வெறுந்தலையோடு அவருக்குப் பக்கத்தில் நின்று, கிளையை விட்டுக் கண்ணெடுக்காமல், அரைகுறை மலாயில் ஏதோ சொன்னார்.

"என்னண்ணே சொன்னீங்க?" என்று கத்தினார் பார்வதி அக்கா.

"நான் மேல பாத்துக்கிறேன், நீங்க கீழ பாருங்கன்னேன்கா!"

அலுவலர் கீழே பார்த்தார். பின்னால் நின்ற நாங்களும், புதரென்றே எண்ணியிருந்ததை அன்றுதான் உற்றுப் பார்த்தோம். இடுப்பளவு புலாய், முழங்காலளவு கெலாட் மரக்கன்றுகள், பெயரறியாதவை இன்னும் எத்தனையோ. காற்றும் பறவைகளும் விதைத்தவை. சரிவெங்கும் இவ்வாறே முளைத்தவற்றைக் களையென்று எண்ணி, ஞாயிறுதோறும் செதுக்கி எறிந்தவர்கள் நாங்கள்.

"இவற்றை நட்டது யார்?" என்று அலுவலர் வினவினார்.

அண்ணனுக்குக் கேள்வியே காதில் விழவில்லை. அவர் கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரிவு தப்பியது. நாடாவைச் சரிவு முழுவதற்கும் விரிக்குமாறு அலுவலர் பணித்தார்; உள்ளே மரங்கள் தாமாக எழுந்தன. இப்போது ஞாயிறுதோறும் தன்னார்வலர்கள் நாங்கள் துடைப்பங்களுடன் நாடாவுக்கு வெளியே நின்று, செய்வதறியாது காட்டைப் பார்க்கிறோம். அண்ணன் மகளோடு குவாந்தானுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். சனிக்கிழமை சொன்ன சொல்லுக்கு நான் மன்னிப்புக் கேட்டேனா என்பது எனக்கே தெளிவாக நினைவில்லை. கேட்கவில்லை என்றே அஞ்சுகிறேன்.

கன்றுகளின் பெயரிலோ நிகழ்வுகளின் வரிசையிலோ பிழை கண்டோர் திருத்தியருள வேண்டுகிறேன். அண்ணனின் இயற்பெயர் அறிந்தோர் அதனையும் எழுதியனுப்புக. பலகையைத் திருத்த வேண்டும். ஆனால் குவாந்தானில் அவரைக் காண நேர்ந்தால், கிளை இன்னும் விழவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பாவம், கவலைப்படுவார்.