ஆயுத பூஜைக்கு ஓய்வெடுத்த சர்வர்

திருப்பூர்ப் பக்கம் பெண் பார்க்கப் போனால், படிப்பைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் மாப்பிள்ளையிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "எத்தனை மிஷின் ஓடுதுங்க?" சொந்தமாகப் பத்துத் தையல் மிஷின் வைத்திருப்பவன் பத்தாம் வகுப்பில் கோட்டை விட்டவனாக இருந்தாலும் சிங்கம். நான் எம்.சி.ஏ. முடித்தவன். என் பொறுப்பில் ஓடியது ஒரே ஒரு மிஷின். அதுவும் கம்பெனிக்குச் சொந்தம். அதில் ஒரு பட்டன்கூடத் தைக்க முடியாது.

பெருமாநல்லூர் ரோட்டில் இருந்த ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் நான் கம்ப்யூட்டர் ஆளாக இருந்தேன். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. நான் காவல் காத்த மிஷின் ஒரு லினக்ஸ் சர்வர். எந்த ஆர்டர் கட்டிங்கில் இருக்கிறது, எது செக்கிங்கில் இருக்கிறது என்பதை, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்கள் அவரவர் ஊரில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொள்ள ஒரு வெப்சைட் செய்து அதில் ஓடவிட்டிருந்தேன். இதைப் பெண் வீட்டாருக்கு விளக்குவதற்குள் காபி ஆறிவிடும். "கம்ப்யூட்டர் படிச்சவங்க பெங்களூர்லல்ல இருப்பாங்க, இவரு எதுக்குங்க பனியன் கம்பெனில இருக்கறாரு?" என்று கேட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். இப்படியே வரிசையாகப் பல இடங்கள் தட்டிப்போயின.

அப்போதுதான் ஊத்துக்குளியில் ஒரு சம்பந்தம் வந்தது. ஜாதகம் பொருந்தியது. பெண்ணின் பெயர் கவிதா. போட்டோவைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு பிடித்துவிட்டது. ஆனால் அவளுடைய அப்பா சொல்லியனுப்பியது இதுதான்: "பையன் என்ன வேலை பண்றாருன்னே வெளங்கலீங்க. அவரு மொதலாளி ஒரு வார்த்தை சொன்னாருன்னா மேக்கொண்டு பேசலாமுங்க."

எங்கள் முதலாளி நாச்சிமுத்து. கம்பெனியில் எல்லோருக்கும் அவர் எம்.டி. ஊத்துக்குளிக்காரர்களை அவருக்கு நன்றாகத் தெரியும். வெட்கத்தைத் துடைத்துப் போட்டுவிட்டு அவரிடம் போய்க் கேட்டேன்.

"அதுக்கென்னங் தம்பி, பேசிப்போடலாம். ஹாலந்து அம்மா வர்றாங்கல்லங்க, அந்த வேலை நல்லபடியா முடியட்டும். நம்ம வெப்சைட்டைப் பத்தி அவங்ககிட்ட வாய் வலிக்கப் பேசி வெச்சிருக்கறேன். அது ஓடுச்சுன்னா உங்க கல்யாணமும் ஓடுமுங்க" என்றார்.

ஹாலந்து அம்மா என்பது இங்கிரிட் என்ற புது பையர். விஜயதசமியன்று காலையில் வருவதாக ஏற்பாடு. நல்ல நாள் என்று எம்.டி.யே தேர்ந்தெடுத்தது.

விஜயதசமிக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. எங்கள் ஊரில் அன்றைக்கு மிஷின்கள் எல்லாவற்றையும் நிறுத்தி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பொரி கடலை படைப்பார்கள். மறுநாள் காலையில்தான் மறுபடி ஓடவிடுவார்கள். எம்.டி. என் அறைக்கு வந்து சர்வரைக் காட்டி, "இதை நிறுத்தலீங்களா?" என்றார்.

"இது ஒரு வருஷமா நிக்காம ஓடுதுங்க" என்றேன். (லினக்ஸ்காரர்களுக்கு இது பெரிய பெருமை. நாங்கள் வேறு எதிலும் ஜெயித்ததில்லை.)

"ஒரு வருஷமாவா?" எம்.டி. பதறிவிட்டார். "பாவமுங்க தம்பி. ஒரு நாள் ரெஸ்ட் குடுங்க."

முறைப்படி அணைத்தேன். பவர் பட்டனுக்கு மேல் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். செவ்வந்தி மாலை போட்டார்கள். பூஜை முடிந்து பொரியைத் தூவியபோது கொஞ்சம் உள்ளேயும் போயிருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் குளித்து விபூதி பூசிக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். பட்டனை அழுத்தியதும் சர்வர் சமத்தாக எழுந்துகொண்டது. வெப்சைட்டைக் காட்டுகிற வெப் சர்வீஸ் மட்டும் எழவில்லை. ஸ்டார்ட் கொடுத்தால் சிவப்பு எழுத்தில் 'ஃபெயில்டு' என்று வந்தது. மறுபடி கொடுத்தேன், மறுபடி சிவப்பு. கூடவே ஆங்கிலத்தில் நாலைந்து வரிச் செய்தி ஒன்றும் வந்தது.

இந்த இடத்தில் எங்கள் கம்பெனி வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு பையர்கள் கதை கதையாக மெயில் எழுதுவார்கள். வானிலை விசாரிப்பார்கள், நூல் தரத்தைப் பற்றி உபதேசம் செய்வார்கள். எங்கள் ஆட்கள் யாரும் அதையெல்லாம் படிக்க மாட்டார்கள். நேராகக் கடைசி வரிக்குப் போவார்கள், சரக்கு எந்தத் தேதிக்கு வேண்டும் என்பது அங்கேதான் இருக்கும். மூன்று வருடம் அவர்களோடு உட்கார்ந்து டீ குடித்ததில் அந்த வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அதனால் நானும் கடைசி வரியை மட்டும் படித்தேன். 'லாக் ஃபைலைத் திறக்க முடியவில்லை' என்று இருந்தது. லாக் என்றால் சர்வர் தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் டைரி மாதிரி. சரி, டைரியில்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். டைரியை அழித்தேன். புது டைரி உண்டாக்கினேன். யார் வேண்டுமானாலும் திறக்கலாம், யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று உலகத்துக்கே அனுமதி கொடுத்தேன். சிவப்பு மாறவில்லை. ரீஸ்டார்ட் செய்தேன். இன்னொரு தடவையும் செய்தேன். அப்படியே இருந்தது.

எலக்ட்ரீஷியன் மாரியப்பன் வாசலில் வந்து நின்றான். திருநெல்வேலிக்காரன். "அண்ணாச்சி, நேத்து எல்லா மிஷினுக்கும் எலுமிச்சம்பழம் வச்சிய. இதுக்கு மட்டும் விட்டுட்டியளே, அதான்" என்றான்.

"போய்யா, இது சயின்ஸ்" என்று விரட்டினேன். விரட்டிவிட்டு, ஸ்க்ரூடிரைவரை எடுத்துச் சர்வரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். உள்ளே ஃபேனுக்குப் பக்கத்தில் பொரி! நாலைந்து கிடந்தன. கொலையாளியைக் கையும் களவுமாகப் பிடித்த போலீஸ்காரனைப்போல ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தேன். (ஒன்றைத் தின்றுவிட்டேன். பதற்றத்தில் எனக்குப் பசிக்கும்.) மூடியை மாட்டி ஸ்டார்ட் கொடுத்தேன். மறுபடி சிவப்பு.

செல்போன் அடித்தது. எம்.டி. "தம்பி, ஏர்போர்ட்ல இருந்து கெளம்பி அவினாசி தாண்டிட்டமுங்க. அம்மா வண்டில ஏறுனதுல இருந்து வெப்சைட்டைப் பத்தித்தான் கேக்கறாங்க. ரெடிதானுங்க?"

"ரெடியாயிட்டே இருக்குதுங்க" என்றேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஊத்துக்குளி போட்டோ கண் முன்னால் வந்து, மெல்லத் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு போனது. உண்மையிலேயே அழுகை வந்தது. யாரும் இல்லாததால் கொஞ்சம் அழுதும் கொண்டேன். பிறகு மாரியப்பனைக் கூப்பிட்டு, "அந்த எலுமிச்சம்பழத்தைக் கொண்டா" என்றேன்.

எலுமிச்சம்பழத்தைச் சர்வர் மேல் வைத்துவிட்டு, டைரிக்கு இன்னொரு தடவை அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தபோது இன்டர்காம் அடித்தது. கான்ஃபரன்ஸ் ரூமில் இருந்து ஸ்டெல்லா பேசினாள். ஹாலந்து ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர் அவள். லேப்டாப்பையும் புரொஜெக்டரையும் தயார் செய்துகொண்டிருந்தாள்.

"சார், வெப்சைட் வருதுங்களே. ஆனா..."

"வந்துருச்சா!" கத்தியே விட்டேன். "ஆனா கீனா எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், அப்படியே வைங்க. எதையும் தொடாதீங்க!"

போனை வைத்துவிட்டு மாரியப்பனைக் கட்டிப்பிடித்தேன். என் டைரி வைத்தியமா அவன் எலுமிச்சம்பழமா என்று ஆராயவில்லை. பிரவுசரைத் திறந்து ஒரு தடவை பார்ப்போம் என்றும் தோன்றவில்லை. முகம் கழுவி, தலை சீவி, சட்டையை இன் செய்துகொண்டு, மாலையை வாங்கிக்கொள்ளப் போகிற ஆள் மாதிரி கான்ஃபரன்ஸ் ரூமுக்கு நடந்தேன்.

கதவைத் திறந்ததும் நாதஸ்வரம் கேட்டது.

எதிர்ச் சுவரில், எட்டடி உயரத்தில், நான் நின்றுகொண்டிருந்தேன். ஸ்டுடியோக்காரன் கொடுத்த கோட்டு. பின்னால் பனிமலை. என்னைச் சுற்றி ரோஜா இதழ்கள் உதிர்ந்துகொண்டே இருந்தன. தலைக்கு மேல் 'மணமகள் தேவை' என்று ஆங்கிலத்தில் மினுக் மினுக்கென்று எரிந்தது.

என்ன நடந்தது என்று அந்த நொடியில் முழுசாகப் புரிந்துவிட்டது. பல மாதங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனியில் யாரும் இல்லாதபோது, எனக்கு நானே ஒரு கல்யாண வெப்சைட் செய்திருந்தேன். அதற்கென்று அதே சர்வரில் தனியாக இன்னொரு வெப் சர்வீஸையும் நிறுவி, கம்பெனி சர்வீஸைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்து, ஓடவிட்டு அழகு பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்கே கூச்சமாகிவிட்டதால் நிறுத்திவிட்டேன். ஆனால் 'சர்வரை ஆன் செய்ததும் இது தானாக ஓடட்டும்' என்று எழுதி வைத்த ஒரு வரியை அழிக்க மறந்துவிட்டேன். சர்வர்தான் அணையவே இல்லையே, அதனால் அந்த வரிக்கு வேலை வரவில்லை. பூஜைக்கு ரெஸ்ட் கொடுத்து எழுப்பியதும் அது முந்திக்கொண்டு, பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவதுபோல இடத்தைப் பிடித்துவிட்டது. கம்பெனி சர்வீஸ் வந்து பார்த்தால் உட்கார இடமில்லை. நான் படிக்காமல் விட்ட முதல் வரியில் அதைத்தான் காலையில் இருந்து சொல்லிக்கொண்டிருந்தது: 'இந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது.'

எனக்கு முன்னாலேயே எம்.டி.யோடு வந்து உட்கார்ந்துவிட்ட இங்கிரிட், கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி விடாமல் படித்தார். அவர் கடைசி வரிக்குத் தாவுகிற ஆளே இல்லை. உயரம், ஐந்தடி ஏழங்குலம் (ஷூவோடு). நிறம், மாநிறம், மார்கழியில் சிவப்பு. சொந்த மிஷின், ஒன்று, லினக்ஸ். எதிர்பார்ப்பு, குடும்பப் பாங்கான பெண், லினக்ஸ் தெரிந்திருந்தால் முன்னுரிமை.

எம்.டி. சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இது நம்ம சரவணன்தானுங்களே?" என்று ஸ்டெல்லாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஆமாங்க சார். அதைத்தான் போன்ல சொல்ல வந்தேனுங்க. முழுசாச் சொல்ல விடலீங்க" என்றாள் ஸ்டெல்லா. அவசரமாக அவள் லேப்டாப்பில் பிரவுசர் ஜன்னலைச் சுருக்கினாள். நான் மறைந்தேன். நாதஸ்வரம் மட்டும் நிற்காமல் வாசித்துக்கொண்டிருந்தது.

இங்கிரிட் என் பக்கம் திரும்பி, ரொம்ப மரியாதையாக ஆங்கிலத்தில் கேட்டார்: "இந்த ஆர்டருக்கு டெலிவரி தேதி என்ன?"

கேட்டுவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். பையர் சிரித்தால் எம்.டி. சிரிப்பார், எம்.டி. சிரித்தால் கம்பெனியே சிரிக்கும். டீ கொண்டு வந்த அக்காவரைக்கும் சிரித்தார்கள். நான் ஓடிப்போய் என் வெப்சைட்டின் கழுத்தை நெரித்துவிட்டு, கம்பெனி சர்வீஸுக்கு ஸ்டார்ட் கொடுத்தேன். ஒரு நொடியில் பச்சை எழுத்து வந்தது. கைக்கு எட்டும் தூரத்திலேயே இருந்திருக்கிறது.

சாயங்காலம் எம்.டி. கேபினுக்குக் கூப்பிட்டார். ஹாலந்து அம்மா ஆர்டரை உறுதி செய்துவிட்டுப் போயிருந்தார். அது என் காதில் ஏறவே இல்லை. கல்யாணமும் போச்சு, வேலையும் போச்சு என்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன். மேஜைமேல் என் வெப்சைட்டின் கலர் பிரின்ட் இருந்தது. நான் கொலை செய்வதற்கு முன்னாலேயே ஸ்டெல்லாவிடம் சொல்லி எடுத்து வைத்திருக்கிறார்.

"ஊத்துக்குளிக்கு இதையே கொண்டு போறேனுங்க" என்றார். "நீங்க என்ன வேலை பண்றீங்கன்னு எனக்குமே இத்தனை நாளாச் சொல்ல வராது. இதைக் காட்டுனா அவங்களே தெரிஞ்சுக்குவாங்க."

"வேண்டாமுங்க, காலைத் தொட்டுக் கும்பிடறேன்" என்று கெஞ்சினேன். அவர் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊத்துக்குளியில் பெண் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். பெண்ணின் அப்பா அந்தக் காகிதத்தை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, மேலிருந்து கீழ்வரை பொறுமையாகப் பார்த்தார். ஷூவைப் பற்றியும் மார்கழியைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. மூலையில் பிரின்டர் தானாகப் போட்டிருந்த பொடி எழுத்தில் விரலை வைத்தார்.

"மூணுல ஒண்ணாவது பக்கம்னு போட்டிருக்குதுங்க. மிச்ச ரெண்டு பக்கம் எங்கீங்க?"

அவற்றில் வெறும் ரோஜா இதழ்கள்தான் இருந்தன. ஸ்டெல்லா வேஸ்ட் பேப்பரில் போட்டிருந்தாள். எம்.டி. அதைச் சொன்னார். "ஒண்ணுமில்லாத பக்கத்துக்கு எதுக்குங்க நம்பர் போடறாங்க?" என்று பெண்ணின் அப்பா விடாமல் கேட்டார். அப்போது உள்ளே கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் வெடித்த சிரிப்பு. முடிவு அந்தச் சிரிப்பில் ஆனதுதான். தை மாதம் கல்யாணம் முடிந்தது.

அன்றைக்கு ஆரம்பித்தது இன்னும் ஓயவில்லை. நான் குறட்டை விடுவது தெரிந்த அன்று கவிதா, "இது ரெண்டாம் பக்கத்துல இருந்திருக்குமுங்க" என்றாள். ஈர டவலைக் கட்டில்மேல் போடுவது, யாரிடமும் வழி கேட்காமல் வண்டியை ஓட்டித் தொலைந்து போவது எல்லாம் ரெண்டாம் பக்கம். முன்கோபமும், தப்பு என் பேரில் என்று தெரிந்த பிறகும் வாயாடுவதும் மூணாம் பக்கம். போன மாதம் மாமனார் வந்திருந்தபோது, தண்ணீர் மோட்டாரை நானே ரிப்பேர் செய்கிறேன் என்று கழற்றி, தெருவுக்கே கரன்ட்டைப் போக்கினேன். இருட்டில் என் மகள், "ஏம்மா, இது எந்தப் பக்கம்மா?" என்று கேட்டாள்.

கவிதா பதில் சொல்வதற்குள் மாமனாரின் குரல் வந்தது.

"நாந்தான் அன்னைக்கே கேட்டனே கண்ணு. யாராச்சும் எடுத்துக் காட்டுனாங்களா?"