ரங்கூன் விமானத்துக்குக் காத்திருந்த மாப்பிள்ளை

என் கல்யாண முகூர்த்தத்தைக் கெடுத்தது என் அக்காள் புருஷன் மாணிக்கம்தான். ஊர் மட்டும் இத்தனை வருஷமாக என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. எனக்கு அலுத்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பிரிக்பீல்ட்ஸில் அத்தான் ரயில் டிரைவர். நான் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். பெண் பக்கத்து ஊரான கிள்ளான்காரி. அவள் அப்பா போட்டது ஒரே நிபந்தனை: தாய்மாமன் வந்து நெற்றியில் பட்டம் கட்டாத மாப்பிள்ளைக்குப் பெண் கிடையாது. என் தாய்மாமனோ ரங்கூனில் அரிசி வியாபாரி. கப்பலைத் தவறவிட்டவர், "புதன் பகல் விமானத்தில் புறப்படுகிறேன்" என்று தந்தி கொடுத்தார் (காசு இருக்கிறது, பறக்கிறார்). முகூர்த்தம் வியாழன் காலை.

"வந்து சேருவாரா அத்தான்?"

அத்தான் தேசப்படத்தில் நூல் வைத்து அளந்தார். "ஆயிரம் மைலு. மணிக்கு நூறு மைலு போவுது. பத்து மணி நேரம். வழியில தண்ணி பிடிக்க, எண்ணெய் ஊத்த கொஞ்சம் சேத்துக்க. விடியக்காலம் நம்ம சுங்கை பீசி மைதானத்துல வந்து நிக்கும்."

"ராத்திரியில எப்படிப் பறக்கும்?"

"என் வண்டி ராத்திரியில ஓடலையா? இஞ்சினுக்கு ஏதுடா தூக்கம்? சும்மா இரு லா, மச்சான்!"

நம்பினேன். ராத்திரி என்றால் மெயில் வண்டி ஓடும் நேரம். ரயில்காரன் மண்டையில் வேறு எதுவும் ஏறாது.

விடிந்ததும் பட்டு வேட்டி கட்டி, மேளக்காரர்களோடு லோரியில் ஏறி, சுங்கை பீசி விமான மைதானத்துக்குப் போனோம். வெயில் ஏறியது. மாலை வாடியது. நாயனக்காரர் என்னை முறைத்தார்.

கடைசியில் ஒரு சின்ன விமானம் இறங்கியது.

"பாத்தியாடா!" என்று அத்தான் குதித்தார். மேளம் முழங்கியது. தோல் தொப்பியும் பெரிய கண்ணாடியும் மாட்டிய தொந்தி ஒன்று இறங்கியது. மாமாவுக்கும் அதே அளவுத் தொந்திதான். ஓடிப்போய் மாலையைப் போட்டு, நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுந்தேன்.

மேலே குரல் கேட்டது. "என்னா? வேலை வேணுமா? நம்ம தோட்டத்துல ஆள் போதும். எந்திரி, போ!"

(ரப்பர் தோட்டத்து வெள்ளைக்கார துரை. விமானம் ஓட்டப் பழகுகிறாராம். தமிழ் நன்றாகவே பேசினார்.)

விஷயத்தைச் சொன்னதும் துரை விழுந்து விழுந்து சிரித்தார். "ரங்கூன் பிளேனா? அது ராத்திரி பறக்காது. பாங்காக்குல படுத்துத் தூங்கும். இங்க நிக்கவும் நிக்காது."

அத்தான் அப்போது லோரிச் சக்கரத்தைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்.

கோயில் மண்டபத்துக்குத் திரும்பியபோது முகூர்த்தம் போய்விட்டது. பெண்ணின் அப்பா, "மாமனையே கொண்டாரத் தெரியாதவன் எம்பொண்ண எப்படிக் காப்பாத்துவான்? ஆடி கழியட்டும், பாப்போம்" என்று அவளை அழைத்துக்கொண்டு போய்விட்டார். மாமா வடக்கே விமானம் நின்ற அலோர் ஸ்டாரில் இறங்கி, மெயில் வண்டி பிடித்து வெள்ளிக்கிழமை வந்தார். அன்றிலிருந்து ஆவணி வரை எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. நான் வாராவாரம் கிள்ளானுக்குப் போய், வாசலில் நின்று கெஞ்சினேன். ஆவணியில் தாலி கட்டினேன்.

இன்றும் பட்டறையிலிருந்து தாமதமாக வந்தால் என் பெண்டாட்டி கேட்கிறாள்: "என்ன, பாங்காக்குல படுத்துட்டீங்களா?" அத்தானோ ஒவ்வொரு பந்தியிலும், "மச்சான் துரை கால்ல விழுந்த கதை தெரியுமா?" என்று ஆரம்பிக்கிறார். தன் கணக்கைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

அத்தான், வருகிற தையில் உங்கள் மகளுக்குக் கல்யாணம். என் மாமனாரும் வருவார். பந்தியில் எழுந்து நின்று, எல்லார் காதிலும் விழச் சொல்லுங்கள்: என்னை அந்த மைதானத்துக்குக் கூட்டிப்போனது யார்?