முனிரத்தினம் உதைக்காத பந்து

'இந்தியக் கால்பந்து அணியின் வரலாறும் சாதனைகளும்' என்று முனிரத்தினம் மாய்ந்து மாய்ந்து எழுதிய சொற்பொழிவு, குக்கர் முதல் விசில் அடிப்பதற்குள் முடிந்துபோயிற்று.

"அவ்ளோதானா?" என்றாள் மனைவி கீர்த்தி, கத்தரிக்காய் அரிந்துகொண்டே.

"அம்பத்தொண்ணுல ஏசியன் கேம்ஸ் தங்கம். அம்பத்தாறுல ஒலிம்பிக்ஸ்ல நாலாவது எடம். அறுபத்திரெண்டுல மறுபடி தங்கம். அறுபத்துநாலுல ஏசியன் கப்புல ரெண்டாவது. எழுபதுல ஒரு வெண்கலம். வேற இன்னா சொல்றது?"

"அப்புறம்?"

"அப்புறம் ஆடிக்கினுதான் இருக்காங்க."

"அம்பது வருஷத்துக்கு மேலயா?"

"அக்கம்பக்கத்து நாட்டையெல்லாம் ஜெயிச்சிருக்கோம். நடுவுல குவாம்னு ஒரு தீவுகிட்ட தோத்தோம்."

"அது எங்க கீது?"

"கடல்ல கீது. திருப்பதியவிட ஜனம் கம்மி. அத நான் சொல்லப் போறதில்ல."

"அரை மணி நேரம் பேசணும்னாரே உங்க கரெஸ்பாண்டென்ட்?"

அதுதான் சங்கடம். புத்தூருக்கு வெளியே ஒரு தனியார் என்ஜினியரிங் காலேஜில் முனிரத்தினம் நாலு வருஷமாக டெம்பரரி பி.டி. மாஸ்டர். ஸ்போர்ட்ஸ் டே அன்றைக்கு இதைப் பேசி முடித்ததும் மேடையிலேயே பர்மனென்ட் ஆர்டர் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். கிடைக்காவிட்டால் சித்தூர் பக்கம் மாமனாரின் மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்குப் போய் டப்பாவுக்கு லேபிள் ஒட்ட வேண்டும். ஒட்டுவதுகூடப் பரவாயில்லை. கூலியாட்கள் முன்னால் மாமனார் "மாப்ள சார்" என்று கூப்பிடுவார் பாருங்கள், அந்த 'சார்' இருக்கிறதே, அதைத்தான் அவனால் தாங்க முடியாது.

வேலைக்கு வந்ததே ஒரு பொய்யில். அவனிடம் இருந்தது கேரம் போர்டு சர்ட்டிபிகேட் மட்டும். இன்டர்வியூவில் கரெஸ்பாண்டென்ட் திருவேங்கடம், "உங்க கேம் எது?" என்று கேட்டபோது நாக்கு சும்மா இருந்திருக்கலாம்.

"ஃபுட்பால் சார். இந்தியா கேம்ப் வரைக்கும் போனேன். முட்டியில அடிபட்டு வந்துட்டேன்."

திருவேங்கடம் உருகிப்போனார். முனிரத்தினம் பிறந்ததிலிருந்து உதைத்தது பைக் ஸ்டார்ட்டரை மட்டும்தான். அதுவும் மூன்றாவது உதையில்தான் பிடிக்கும்.

சாதனை பற்றாக்குறையை எப்படிச் சரிக்கட்டுவது? இழுத்தான். மறுநாள் கரெஸ்பாண்டென்ட் ரூமில் பேசிக் காட்டும்போது உலகக் கோப்பையை உள்ளே கொண்டுவந்தான்.

"அம்பதுல வேர்ல்டு கப்புக்கே கூப்ட்டாங்க சார். நாங்க வெறுங்கால்லதான் ஆடுவோம்னோம். பூட்ஸ் போட்டாத்தான் ஆச்சுன்னாங்க. நீயும் வாணாம், உன் கப்பும் வாணாம்னு வந்துட்டோம்."

அப்படியெல்லாம் இல்லை, நம் ஆட்களே போக அக்கறை காட்டவில்லை என்று போனில் போட்டிருந்ததை அவனும் படித்தவன்தான். ஆனால் உண்மையைச் சொன்னால் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும். பொய்க்குக் கண்ணீரோடு பத்து நிமிஷம் வந்தது.

திருவேங்கடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாகுந்தி சார், ரொம்ப நல்லா கீது. நீங்களும் அதே மாதிரி வெறுங்கால்ல ஒரு பெனால்டி அடிங்க. ஆடிட்டோரியம் மேடையிலயே கோல் போஸ்ட் வெச்சிடலாம். நானே கீப்பர். பேப்பர்காரங்க வர்றாங்க."

முனிரத்தினத்துக்குக் காலை ஒடித்துக்கொள்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. நிஜமாக ஒடித்துக்கொள்ளப் பயம்.

வேறு ஊராக இருந்தால் ஒரு க்ரேப் பேண்டேஜைச் சுற்றிக்கொண்டு நொண்டலாம். இது புத்தூர். எலும்பு முறிவென்றால் நாலு மாநிலத்து ஜனம் வந்து வரிசையில் நிற்கிற ஊர். இங்கே புத்தூர் கட்டு இல்லாத காலை எவனும் ஒடிந்த காலாக மதிக்கமாட்டான். வைத்தியரிடம் போகவும் முடியாது, தொட்டதும் சொல்லிவிடுவார். விழா நாள் காலையில் கீர்த்தியே மூங்கில் பத்தை வைத்து, முட்டையைக் குழைத்துப் பூசி, பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டிவிட்டாள்.

"பர்மனென்ட் ஆவறதுக்கு எங்க நைனா ஃபேக்டரியே தேவல" என்றாள்.

காலேஜுக்குப் போகிற வழியில் ஆட்டோக்காரர் கண்ணாடியில் அந்தக் கட்டைப் பார்த்தார். திரும்பியும் பார்த்தார். பிறகு வண்டியை ஓரம் கட்டிவிட்டார்.

"சார், இது இன்னா கட்டு? பத்தை கணுக்கால் வரைக்கும் வரணுமே. யாரு கட்டனது?"

"நகரியில ஒருத்தரு."

"புத்தூர்ல குந்திக்கினு நகரிக்குப் போனீங்களா?" அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஊருக்கே மானக்கேடு சார்." அங்கேயே யாருக்கோ போன் போட்டார்.

விழாவில் முனிரத்தினம் நாற்காலியில் உட்கார்ந்தபடி பேசினான். வெறுங்கால் கட்டம் வந்து, முன்வரிசைப் பெண்கள் மூக்கை உறிஞ்சிய நேரத்தில் வைத்தியர் நாகபூஷணம் பையோடு மேடை ஏறினார். ஆட்டோக்காரர் போன் போட்டது அவருக்குத்தான்.

"பேசுங்க சார், பேசிக்கினே இருங்க. நான் பாட்டுக்குப் பிரிச்சுக் கட்டிடறேன்" என்று கட்டை அவிழ்த்தார். முட்டை நாற்றம் மூன்று வரிசைக்குப் போனது. மேலே அழுத்தினார், கீழே அழுத்தினார். முகம் சுருங்கியது.

"இதுல ஒடிவே இல்லியே."

மைக் பக்கத்திலேயே இருந்தது. ஆடிட்டோரியம் முழுக்கக் கேட்டது. முனிரத்தினத்தின் காதில் மாமனார் "மாப்ள சார்" என்று கூப்பிடுகிற குரல் கேட்டது.

"நல்லதாப் போச்சு" என்றார் திருவேங்கடம், கிளவுஸை மாட்டிக்கொண்டே. "பந்தைக் கொண்டாங்க."

இனி ஒளிவதற்குக் கால்கூட மிச்சமில்லை. முனிரத்தினம் கண்ணை மூடிக்கொண்டு ஓடிப்போய் உதைத்தான். பந்து வைத்த இடத்திலேயே இருந்தது. மைக் ஸ்டாண்டின் இரும்புக் கால் மட்டும் கோலுக்குள் போய் விழுந்தது.

நாகபூஷணம் குனிந்து அவன் கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்தார். "இப்ப ஒடிஞ்சிடுச்சி" என்றார் திருப்தியாக.

பிள்ளைகள் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் திருவேங்கடம் அவனைத் தோளோடு அணைத்து, ஒரு கவரைக் கையில் வைத்து, கேமராவைப் பார்த்தார். பிரித்தால், பர்மனென்ட் ஆர்டர்.

மேடைக்குப் பின்னால் நாகபூஷணம் அசல் கட்டு போட்டுக்கொண்டிருக்க, முனிரத்தினத்துக்கு வலியைவிடக் குழப்பம்தான் அதிகமாக இருந்தது. முட்டை ஓட்டைப் பெருக்க வந்த வசந்தா, காலேஜ் திறந்த நாளிலிருந்து அங்கே வேலை பார்ப்பவள்.

"எனக்கு ஆடத் தெரியாதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிபோச்சி. அப்பறம் எதுக்கும்மா ஆர்டர் குடுத்தாரு?" என்று அவளிடமே கேட்டான்.

வசந்தா துடைப்பத்தைத் தரையில் ஒரு தட்டு தட்டினாள்.

"இன்னா சார் நீங்க, உங்களுக்கு முன்னாடி இருந்த மூணு சாருங்களும் சூப்பரா ஆடறவங்க, வந்த அன்னிக்கே கிரவுண்டு எங்கன்னு கேட்டாங்க, அதத்தான் அய்யா பிளாட் போட்டு வித்துட்டாரே, நாலு வருஷமா அந்தக் கேள்வியக் கேக்காத பி.டி. நீங்க ஒருத்தர்தான்."