உச்சிக்கோட்டையின் வாசற்காவல்

சிவந்த ஆறுகள் ஓடும் நாடு ஒன்று இருந்தது. அதன் தலைமாட்டில் உச்சிக்கோட்டை. அரசர் அங்கிருந்தபடிதான் நாடு முழுவதற்கும் சேர்த்து யோசித்தார்.

கோட்டை வாசலைக் காத்தவள் பூவை. வைத்தியரின் கஷாயத்தைக்கூட முகர்ந்து பார்த்துத் திருப்பி அனுப்புவாள். ஓர் எறும்பும் தன்னைத் தாண்டாது என்பதில் அவளுக்குப் பெருமை. காவல்வீரர்களை மட்டும் சோதிப்பதில்லை. சீருடையைக் கண்டால் கதவைத் திறந்து தலைகுனிவதே வழக்கம்.

ஒருமுறை, சொந்த வீடு கட்டத் தெரியாத அந்நியர் கூட்டம் ஒன்று நாட்டுக்குள் புகுந்தது. வீரர்கள் பிடிக்கப் போனார்கள். கூட்டம் அந்த வீரர்களின் உடலுக்குள்ளேயே குடிபுகுந்துவிட்டதாகச் சந்தையில் பேச்சு.

மாலையில் பூவையின் தம்பி வளவன் ரோந்திலிருந்து வந்தான். அவன் பார்வை சரியில்லை.

“அக்கா, கதவைத் திற. கால் கடுக்குது.”

“கையைத் தூக்குடா. சோதிக்கணும்.”

“என்னையா? சட்டை தெரியலையா உனக்கு?”

“சட்டை தெரியுது. உள்ள இருக்கறது யாருன்னுதான் தெரியல.”

படைக்குத் தலைவரான தளவாய் மகுடேசர் ஓடிவந்தார். “வீரனைச் சந்தேகிப்பவள் நாட்டையே சந்தேகிக்கிறாள்!” என்று முழங்கிவிட்டுத் தாமே கதவைத் திறந்துவிட்டார். வளவன் உள்ளே போனான்.

அன்றே ஆணை பிறந்தது: வீரரைச் சோதிப்பது குற்றம். கோட்டைக்குள் காய்ச்சல் பரவியதும் அடுத்த ஆணை: உள்ளே இன்னும் வீரர்களை அனுப்புக. அரசரின் பேச்சு குழறியதும் மற்றொன்று: வைத்தியர்களுக்கு இரட்டைச் சோதனை. தெற்கே தண்ணீர் கேட்டால் வடக்கே மதகு திறந்தது. வயல்கள் காய்ந்தன. ஆனாலும் மக்கள் மார் நிமிர்த்திச் சொன்னார்கள்: “நம்ம வாசல் மாதிரி எங்க உண்டு?”

வாசற்காவலுக்குப் பதக்கம் வழங்கும் விழா நடந்தது. அரசர் மேடையேறிச் சுற்றிலும் பார்த்தார்.

“இது எந்த நாடு?”

“உலகிலேயே சிறந்த நாடு, அரசே!” என்றார் தளவாய். கூட்டம் ஆர்ப்பரித்தது.

வளவன் பதக்கத்தோடு வந்தான். “குனி அக்கா, போட்டுவிடணும்.”

“என் தம்பி எங்க?”

அவன் வாய் அழகாகச் சிரித்தது. “நாங்கதான் அக்கா உன் தம்பி.”

அந்தச் சீருடையைப் பார்த்து நாடே பெருமையோடு தலைகுனிந்தது. பூவை குனியவில்லை.