பிரபஞ்சம் பார்க்கப் போனவர்

ஐம்பத்தேழாவது வயதில் கதிர்காமநாதனுக்கு விஞ்ஞானத்தின் மேல் காதல் வந்தது. வந்த நாள் செவ்வாய்க்கிழமை. வந்த வழி தொலைபேசி.

"மச்சான், வெள்ளிக்கிழமை பின்னேரம் ஃப்ரீயா?" என்று கேட்டான் ரொனி. கொட்டாஞ்சேனை ரொனி. கதிர்காமநாதனோடு ஒரே காப்புறுதிக் கம்பனியில், ஒரே மேசையின் இரண்டு பக்கமும் இருந்து தலை நரைத்தவன்.

"பென்சன் எடுத்த ஆள் எப்பவும் ஃப்ரீதான். ஏன்?"

"புதுசா விஞ்ஞானக் கூடம் ஒண்டு திறந்திருக்கிறாங்க தானே. வெள்ளிக்கிழமை அங்க பெரிய ஆட்களுக்கு மட்டும். பிள்ளைகளை உள்ளுக்கு விடமாட்டாங்க. டிக்கட்டோட ரெண்டு பியர்."

"விஞ்ஞானக் கூடத்தில பியரோ?"

"வெளிநாட்டில எல்லாம் இப்ப அப்படித்தானாம். ஒரு கையில கிளாஸ், மற்றக் கையில எலும்புக்கூடு. உனக்கும் சேர்த்து டிக்கட் எடுத்திட்டேன்."

இத்தனை வருட நட்பில் ரொனி தன் சொந்தச் செலவில் கதிர்காமநாதனுக்கு வாங்கிக் கொடுத்தது ஒரே ஓர் இருமல் இனிப்பு. அந்த இடத்திலேயே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. பியர் என்ற சொல் காதுக்குள் போனதும் மூளை கதவைச் சாத்திக்கொண்டது.

அதற்கும் காரணம் இருந்தது. மாசி மாதம் எடுத்த ஸ்கானில் அவருடைய ஈரலில் கொழுப்புத் தெரிந்தது. டொக்டர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பத்மாவதி எடுத்தாள். அன்றிரவே புருசனுக்கும் பெண்சாதிக்கும் இடையில் ஓர் ஒப்பந்தம் ஆனது. வருசம் முடியுமட்டும் அவர் ஒரு சொட்டும் தொடக்கூடாது. தொட்டால் வெள்ளவத்தை வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, கல்கிசையில் பத்மாவதியின் தம்பி உமாசுதன் வளவுக்குள் இருக்கும் அனெக்ஸ் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். தொடாமல் இருந்துவிட்டால், கல்கிசை என்ற பேச்சு இந்த வீட்டில் இனி எழாது.

உமாசுதன் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்தால் சமாளிக்கலாம். விடிய நாலரைக்கு எழும்பிக் கொத்தமல்லி அவித்துக் குடிக்கிற மனிதர். தான் குடிப்பதோடு நிற்பதில்லை. அந்த வளவுக்குள் மூச்சுவிடும் எல்லோருக்கும் ஒவ்வொரு கோப்பை உண்டு. ஒருமுறை ஓர் இரவு தங்கப் போன கதிர்காமநாதன், விடிய உமாசுதனோடு சூரியனை வணங்கக் குனிந்தவர், சூரியன் மறையுமட்டும் நிமிரவில்லை. இடுப்பு நாரி பிடித்துவிட்டது.

வெள்ளவத்தை வீடும் சொர்க்கம் அல்ல. நாலாம் மாடி. லிப்ட் தனக்கு மனம் வந்தால் வேலை செய்யும். ரயில் போனால் அலுமாரிக்குள் கோப்பைகள் பல் நடுங்கும். ஆனால் அங்கே அவருக்கு ஒரு பல்கனி இருந்தது. பின்னேரங்களில் அதில் இருந்துகொண்டு கடல் இருக்கிற திசையைப் பார்க்கலாம். கடலைப் பார்க்க முடியாது. அதை மறைத்துப் புதிதாக ஒரு தொடர்மாடி எழும்பிவிட்டது.

எட்டு மாதம் ஒப்பந்தத்தைக் காப்பாற்றிவிட்டார். களைத்தும் போய்விட்டார். தனக்கு உண்மையில் பியர்தான் வேண்டுமா என்று அவரே தன்னைக் கேட்டுப் பார்த்தார். இல்லைப் போலத்தான் இருந்தது. டொக்டரும் மனைவியும் மனைவியின் தம்பியும் வாட்ஸப்பும் மாறி மாறித் தன்னைத் திருத்திக்கொண்டிருக்க, ஒருவரும் திருத்தாத ஒரு மணித்தியாலம் வேண்டும். அது பியர்க் கிளாஸுக்குள் கிடைக்குமென்றால் அதற்கு அவர் என்ன செய்வார்?

இரவு புட்டுச் சாப்பிடும்போது கதையைத் தொடக்கினார்.

"வெள்ளிக்கிழமை ஒரு விஞ்ஞான நிகழ்ச்சி இருக்கு. போகலாமெண்டு இருக்கிறன்."

"என்ன விஞ்ஞானம்?"

"பிரபஞ்சம்."

"பிரபஞ்சத்தோட உங்களுக்கு என்ன கொடுக்கல் வாங்கல்?"

"அறிவு வளரவேணும் பத்மா."

"உங்கட வயசில வளருறது கொலஸ்ட்ரோல் ஒண்டுதான். நானும் வரட்டே?"

வாயில் இருந்த புட்டைத் தண்ணீர் குடித்து இறக்கினார்.

"அது வந்து, பெரிய ஆக்களுக்கு மட்டும்."

"நான் என்ன பாலர் வகுப்போ?"

"உம்மைச் சொல்லேல்லை. சின்னப்பிள்ளையளை விடமாட்டினம்."

"ஏன், பிரபஞ்சம் உடுப்பில்லாமலோ நிக்குது?"

"பிள்ளையள் சத்தம் போடுங்கள். அதுக்காக."

"ஆரோட போறியள்?"

"ரொனியோட."

"ரொனிக்கும் பிரபஞ்சமோ." பத்மாவதி அவருடைய தட்டில் இன்னொரு கரண்டி சம்பலை வைத்தாள். "போயிட்டு வாங்கோ. எனக்கு வெள்ளிக்கிழமை கோயில்."

அவ்வளவுதான். கதிர்காமநாதனுக்கு நம்பக் கஷ்டமாக இருந்தது. தேத்தண்ணிக்கு இன்னும் அரைக் கரண்டி சீனி கேட்டாலே விசாரணைக் கமிஷன் வைக்கிறவள் இவள். இப்படி நம்புகிறவளை ஏமாற்றுகிறோமே என்று இரவு முழுவதும் மனம் அரித்தது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று இரண்டு தரம் எழும்பி இருந்தார். இரண்டு தரமும் கொத்தமல்லி மணத்தது. படுத்துவிட்டார்.

பொய்க்குப் பலம் சேர்க்க, புதன்கிழமை புதனைப் பற்றிப் பேசினார். வியாழக்கிழமை வியாழனைப் பற்றிப் பேசினார். வெள்ளிக்கிழமை வெள்ளியைப் பற்றித் தொடங்குவதற்குள் பத்மாவதி பட்டுச்சேலையோடு கோயிலுக்கு இறங்கிவிட்டாள். கதிர்காமநாதன் வாய் மணத்தை மறைக்கப் பொக்கற்றில் நாலைந்து கராம்பைப் போட்டுக்கொண்டு ஓட்டோ ஏறினார்.

விஞ்ஞானக் கூடம் பகலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடித் திரிகிற இடம். அன்றைக்கு அவர்களுடைய அப்பாமார் ஓடித் திரிந்தார்கள். வங்கி மனேஜர் மாதிரி இருந்த ஒருவர் சவர்க்காரக் குமிழுக்குள் நின்று கைதட்டினார். வீட்டளவு பெரிய இதயம் ஒன்று செய்து வைத்திருந்தார்கள். அதன் ரத்தக் குழாய்க்குள் சாய்ந்தபடி ஒருவர் கஜுப் பருப்புக் கொறித்துக்கொண்டிருந்தார். டைனோசரின் வாலுக்குக் கீழே பியர் ஊற்றினார்கள்.

கிளாஸ் வேர்த்திருந்தது. குளிர் உள்ளங்கை வழியாக முழங்கை வரை ஏறியது. கதிர்காமநாதன் முதல் மிடறைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். எட்டு மாதத்துக்குப் பிறகு உலகம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போனது.

"மெதுவா குடி மச்சான். கையிலயே வச்சிரு. என்ன அவசரம்," என்றான் ரொனி. அன்றைக்கு அவன் வழமையை விட நல்லவனாக இருந்தான். போனை மட்டும் அடிக்கடி பார்த்தான்.

கிளாஸில் பாதி முடிந்திருக்கும்.

"இஞ்சேருங்கோ."

அத்தனை சனத்துக்குள், அத்தனை இரைச்சலுக்குள், அந்த 'இஞ்சேருங்கோ' ஒரே ஓர் ஆளுக்குத்தான் சொந்தம். கதிர்காமநாதன் திரும்பவில்லை. முதலில் கிளாஸை ரொனியின் கைக்கு மாற்றினார். பிறகு ஒரு கராம்பை வாய்க்குள் போட்டார். அதன் பிறகுதான் திரும்பினார். பட்டுச்சேலை, நெற்றியில் விபூதி, தலையில் மல்லிகை.

"நீர் கோயிலுக்கெண்டு..."

"போனனான். கும்பிட்டனான். பூசை கெதியா முடிஞ்சுது. பிரபஞ்சத்தையும் ஒருக்காப் பாப்பமெண்டு வந்தன். எங்கை உங்கட பிரபஞ்சம்?"

"மேல்மாடியில."

"அது எங்கையும் ஓடிப்போகாது. முதல்ல இதைப் பாப்பம்."

அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கலியாண மணவறையைச் சுற்றி வந்ததற்குப் பிறகு நாலு பேர் முன்னால் அவள் அவருடைய கையைப் பிடித்தது இதுதான். கதிர்காமநாதனுக்கு உள்ளே ஏதோ இளகியது. இந்த வயதில் மனிதன் எதற்கெல்லாம் இளகுகிறான் என்று பிற்பாடு நினைத்து வெட்கப்பட்டார்.

கறுப்புத் திரைக்குப் பின்னால் ஓர் இருட்டறை. சுவரளவுக்கு ஒரு திரை. விளக்கம் சொல்ல ஒரு பிள்ளை நின்றாள். ஜுமானா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தாள்.

"ஆன்ட்டி, திரும்பவும் வந்திட்டீங்களா?" என்றாள் ஜுமானா.

"ஓம் பிள்ளை. இண்டைக்கு இவரைக் கூட்டிக்கொண்டு வந்தனான்."

"திரும்பவுமோ?" என்றார் கதிர்காமநாதன்.

"போன கிழமை பகல் எங்கட கோயில் மாதர் சங்கம் வந்தது. உங்களிட்டைச் சொல்லேல்லையே?"

"இது வெப்பத்தைப் பார்க்கிற கமரா அங்கிள்," என்றாள் ஜுமானா. "உடம்பில சூடான இடம் மஞ்சளா சிவப்பாத் தெரியும். குளிரான இடம் நீலமாத் தெரியும். இப்படி வந்து நில்லுங்க."

இரண்டு பேரும் நின்றார்கள். திரையில் பத்மாவதி சிவப்பும் மஞ்சளுமாக எரிந்தாள். தீ மிதித்துவிட்டு நேரே வந்தவள் போலிருந்தது. நெற்றி வெள்ளையாகவே கொதித்தது. இதைப் பார்க்க ஒரு கமரா வேண்டுமா என்று கதிர்காமநாதன் நினைத்தார். பிறகு தன்னைப் பார்த்தார்.

உடம்பு முழுவதும் நல்ல தோடம்பழ ஆரஞ்சு நிறம். வலது உள்ளங்கை மட்டும் கடும் நீலம். ஐந்து விரலும் நீலம். மீசைக்குக் கீழே, மைப் பேனையைக் கடித்த பிள்ளையின் வாய்போல, உதடும் நீலம்.

அவசரமாக அந்தக் கையை வயிற்றில் ஒளித்தார். எடுத்துப் பார்த்தால் வயிற்றிலும் ஒரு நீலக் கை பதிந்திருந்தது.

"அங்கிள் ஏதோ குளிரான சாமான் பிடிச்சிருந்திருக்கிறீங்க," என்றாள் ஜுமானா சந்தோசமாக. "ஆன்ட்டியும் போன கிழமை ஐஸ் போத்தல் பிடிச்சிட்டு வந்து நிண்டவங்க தானே. விட்ட பிறகு நீலம் எவ்வளவு நேரம் நிக்குதெண்டு மூணு தரம் பார்த்தாங்க."

"நாலு தரம் பிள்ளை," என்றாள் பத்மாவதி.

"சோடா," என்றார் கதிர்காமநாதன்.

"நான் ஒண்டும் கேக்கேல்லையே."

"இல்லை, சோடா குடிச்சனான். அதைத்தான் சொல்லுறன். நானும் ரொனியும். வெறும் சோடா."

"அப்ப ரொனியைக் கேப்பம்."

ரொனி திரைக்கு வெளியேதான் நின்றான். உள்ளே வந்தான். ஒரு கையில் முழுக் கிளாஸ், மற்றக் கையில் அரைக் கிளாஸ். கோர்ட்டுக்குச் சான்றுப் பொருள் கொண்டுவந்த கான்ஸ்டபிள் மாதிரி இரண்டையும் நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தான்.

"ரொனி, இவர் என்ன குடிச்சவர்?"

கதிர்காமநாதன் ரொனியைப் பார்த்தார். வேலைக்கு வராத நாட்களில் அவனுடைய கதிரையில் கோட்டைத் தொங்கவிட்டு அவனைக் காப்பாற்றியது யார்? அவனுக்காக எத்தனை பெரியம்மாக்களைச் சாகடித்திருப்பார்? ரொனி அவருடைய கண்ணைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தான்.

"அக்கா, வெள்ளிக்கிழமையும் அதுவுமா பொய் சொல்லக்கூடாது. பியர்."

"உனக்கென்னடா வெள்ளிக்கிழமை? நீ வேதக்காரன்."

"எங்களுக்கும் வெள்ளிக்கிழமை இருக்கு மச்சான்."

பத்மாவதி கத்தவில்லை. கத்தியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். மேல்மாடிக்குப் போய்ப் பிரபஞ்சம் முழுவதையும் பொறுமையாகச் சுற்றிப் பார்த்தாள். சனிக்கிரகத்துக்கு எதற்கு வளையம் என்று விளக்கம் கேட்டாள். கதிர்காமநாதன் அவளுடைய ஹேண்ட்பாக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார்.

திரும்பும்போது காலி வீதியில் ஓட்டோ நெரிசலில் நின்றது. அப்போதுதான் அவருக்கு வாய் வந்தது.

"பத்மா, அரைக் கிளாஸ்தான்."

"ஒரு சொட்டெண்டுதான் கதை."

"எட்டு மாசம் இருந்தனான் தானே."

"இருந்தனீங்கள். நானும் பாத்துக்கொண்டுதான் இருந்தன். மிச்ச ரெண்டு மாசத்தையும் இருந்துபோடுவியளோ எண்டு எனக்கு ஒரே பயம்."

கதிர்காமநாதன் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன சொல்லுறீர்?"

"என்ர முழங்கால் உங்கட ஈரல் மாதிரி ஸ்கானில தெரியிற சாமானில்லை. லிப்ட் நிக்கிற நாளில நாலு மாடி நான் எப்பிடி ஏறுறனான் எண்டு ஒரு நாள் கேட்டனீங்களோ? கல்கிசையில படியே இல்லை. சும்மா கேட்டால் மாட்டனெண்டுவியள். நீங்களாத் தோத்தால்தான் வருவியள்."

கதிர்காமநாதன் மாசியிலிருந்து தன்னைத் தானே எவ்வளவோ கேள்வி கேட்டிருந்தார். குடியைப் பற்றி, வயதைப் பற்றி, களைப்பைப் பற்றி, மனிதன் எதற்கு வாழ்கிறான் என்பதைப் பற்றிக்கூட. முழங்காலைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை.

"சரி," என்றார். "ஆனா கெதியில ஏலாது. வீட்டை வாடகைக்கு விடவேணும். நல்ல ஆளாப் பாக்கவேணும். ரெண்டு மூண்டு மாசமாவது எடுக்கும்."

அந்த இரண்டு மூன்று மாதத்தை அவர் மனதுக்குள் ஆறாக நீட்டினார். ஆறை ஒரு வருசமாக்கினார். ஓட்டோவும் நகரத் தொடங்கியது.

லிப்ட் வேலை செய்யவில்லை. அவளுக்குக் கை கொடுத்து, மாடிக்கு மாடி நின்று, நாலாம் மாடிக்கு ஏறினார்கள். வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே வெளிச்சம் எரிந்தது. குசினி ஸ்டூலை ஹோல் சுவரோரம் போட்டு அதன்மேல் ஏறி நின்று, ரொனியின் மனைவி டொரீன் ஜன்னலை அளந்துகொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணே," என்றாள் டொரீன். "அக்கா சாவியை நேத்தே தந்திட்டாங்க. எங்கட கொட்டாஞ்சேனை வாடகை வீட்டை மாச முடிவுக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டாங்க தானே. நீங்க மட்டும் இண்டைக்கு அந்தப் பியரைக் குடிக்காம விட்டிருந்தா நாங்க நடுத்தெருவிலதான்." அளவு நாடாவின் மற்ற நுனியை அவரிடம் நீட்டினாள். "இதைக் கொஞ்சம் இழுத்துப் பிடிங்க. கேர்ட்டன் துணி காலையிலேயே வெட்டணும்."

கதிர்காமநாதன் இழுத்துப் பிடித்தார்.