ஆறு மணிக்குள் படிகாரம்

வேதியியல் வாத்தியார் அன்று காலை மலையைப் புரட்டும் முடிவொன்றுக்கு வந்தார்: மைத்துனனை வீட்டுப் படி ஏற விடுவதில்லை. போன தடவை நாலு நாள் என்று வந்து நாலு மாதம் கிடந்தவன். அவன் விட்ட குறட்டையில் சுவர்க் கடிகாரம் பத்து நிமிஷம் பின்னுக்குப் போனது. அதுவும் வாத்தியாரின் படிப்பறையில், வாத்தியாரின் கட்டிலில்!

"உன் தம்பி வரக்கூடாது" என்றார் மனைவியிடம்.

"அதச் சொல்ல நீங்க யாரு?"

"நான் சொல்லல. அறிவியல் சொல்லட்டும்."

அறிவியல் என்றால் அவருக்கு வரைபடம். படிகாரம் எவ்வளவு சூட்டில் எவ்வளவு கரையும் என்று கோடு போட்டு வைத்திருந்தார். நூறு மில்லி தண்ணீரில், அறுபது டிகிரியில் ஐம்பத்தேழு கிராம். இருபதுக்கு ஆறினால் பதினொன்றுதான் தாங்கும். மிச்சம் கல்லாக உதிர்ந்தே தீரவேண்டும்.

"அரை லிட்டர் தண்ணிய அறுபதுக்குக் காய்ச்சி, கொள்ளுற மட்டும் படிகாரம் கரைச்சு ஆறவைக்கிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு இருநூத்தி முப்பது கிராம் கல்லு அடியில கிடக்கும். கிடந்தா அவன் வரமாட்டான்."

"கிடக்கலன்னா?"

"அறை அவனுக்கு. நான் கூடத்துல."

"எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார். "தூசி தும்பு விழக்கூடாது. சுத்தம் முக்கியம்!"

"அத நான் பாத்துக்கறேங்க."

பார்த்துக்கொண்டாள். சூட்டோடு நாலு மடிப்புத் துணியில் வடிகட்டினாள். கீறலே இல்லாத புதுக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி மூடினாள். பனிக்கட்டி போட்ட தொட்டியில் பூப்போல இறக்கினாள். பூனையை விரட்டினாள். மிக்ஸியைத் தொடவில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்கு ஜன்னல் வழியே சைகையில் பதில் சொன்னாள். வாத்தியார் உருகிவிட்டார். இருபத்திரண்டு வருஷம் கழித்தாவது என் அருமை தெரிந்ததே!

ஆறு மணி. தொட்டியில் சரியாக இருபது டிகிரி. மூடியைத் திறந்தார். கல் மருந்துக்குக்கூட இல்லை. தெளிந்த தண்ணீரில் அவர் முகம் மட்டும் தெரிந்தது, அதுவும் கோணலாக.

"என் கோடு தப்பாதே!"

"தப்பல. மணி ஆறு அஞ்சு ஆச்சா? இப்பப் பாருங்க." படிகாரத் துணுக்கு ஒன்றைக் கிள்ளிப் போட்டாள். ஒருத்தன் உட்கார்ந்ததும் பந்தியில் கூட்டம் பாயுமே, அப்படி மளமளவென்று கல் இறங்கியது.

"அடிப்பாவி! இது உனக்கு எப்படித் தெரியும்?"

"ரொம்பச் சுத்தமா, அசையாம ஆறவச்சா, உதிர ஒரு சாக்கு கிடைக்காம அப்படியே நிக்கும்னு நீங்கதான் சொன்னீங்க. கல்யாணமான மூணாம் நாள். ஒன்றரை மணி நேரம்."

"நீ தூங்கிட்டேன்னு நெனச்சேனே!"

"எங்க தூங்க விட்டீங்க?"

மறுநாள் கல்லை உலர்த்தி நிறுத்தார். இருநூற்று முப்பது, இம்மி பிசகவில்லை! கணக்கு சரி என்று யாரிடமாவது காட்டியாக வேண்டுமே. தராசோடு படிப்பறைக்கு ஓடினார். ராத்திரியே பெட்டியோடு வந்து இறங்கி, அங்கே முகச்சவரம் செய்துகொண்டிருந்த மைத்துனன், தட்டிலிருந்து பெரிய கல்லாகப் பார்த்து எடுத்துத் தாடைக் கீறலில் தடவிக்கொண்டான்.

"படிகாரம் பிரமாதம் அத்தான். ஆனா இனிமே கதவத் தட்டிட்டு உள்ள வாங்க."