சகலை போட்ட போட்டோ

"நாற்பதாயிரம் பெட்டிகள். மூன்றே நாள். தன்னந்தனியாக அடுக்கி முடித்தேன். ஒன்றுகூடக் கோணவில்லை!"

சகலை தன் பக்கத்தில் இப்படி எழுதி, கிடங்கின் நடுவில் மார்பில் கை கட்டி நிற்கும் போட்டோவையும் போட்டிருந்தார். வேலை தேடுகிறவர்களும் வேலை கொடுக்கிறவர்களும் கூடுகிற வலைத்தளம் அது. இருநூற்றுப் பதினான்கு பேர் லைக் போட்டிருந்தார்கள். ஒருவர், "படித்ததும் கண்ணீர் வந்துவிட்டது" என்று எழுதியிருந்தார்.

ரசமட்டத்துக்கும் கண்ணீர் வந்தது. அது வேறு வகைக் கண்ணீர்.

ரசமட்டம் என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். சுவர் சாயாமல் இருக்கிறதா என்று கொத்தனார் வைத்துப் பார்ப்பாரே, அந்தக் கருவியை விழுங்கிவிட்டுப் பிறந்தவர். பிறந்தவுடன் அவர் அழுததுகூடத் தொட்டில் ஒரு பக்கம் இறங்கியிருந்ததால்தான். பல் டாக்டரிடம் வாயைப் பிளந்து படுத்திருந்தபோதுகூட, சுவரில் கோணியிருந்த படத்தைச் சைகை காட்டி நிமிர்த்த வைத்துவிட்டுத்தான் பல்லைப் பிடுங்கவிட்டார். இருபத்திரண்டு வருடம் ஒரு பாத்திரக் கம்பெனியின் கிடங்கைக் கட்டி ஆண்டவர். கம்பெனியை மூடி ஐந்து மாதமாகிறது.

"அக்கா வீட்டுக்காரர் கம்பெனியில ஆள் எடுக்கறாங்களாம். அவர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா..." என்று மனைவி ஆரம்பிக்கும்போதெல்லாம் ரசமட்டம் பொங்கிவிடுவார்.

"சகலைகிட்ட போய்க் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணுமா நான்? அவருக்குப் பெட்டி கட்டற முடிச்சே நான் சொல்லிக்குடுத்தது!"

"அப்ப வேற எங்கயாவது எழுதிப் போடுங்க."

"நான் எதுக்கு எழுதணும்? என் அருமை தெரிஞ்சவன் தேடி வருவான்."

ஐந்து மாதத்தில் தேடி வந்தவர் ஒரே ஒரு கூரியர்காரர். அவரும் பக்கத்து வீடு எது என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

இப்போது மனைவி அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "போட்டோ நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கா? மூணாவது வரிசையைப் பாரு! அடியில கண்ணாடிச் சாமான், மேல இரும்பு. இன்னிக்கோ நாளைக்கோ நொறுங்கப் போகுது. இதுக்கு இருநூத்திப் பதினாலு லைக்கு!"

"உங்க கண்ணுக்குத் தெரியுது. ஊருக்குத் தெரியவேணாமா? நீங்களும் ஒரு பக்கம் திறங்களேன்."

திறந்தார். அனுபவம், தகுதி என்று தளம் கேட்ட கட்டங்களையெல்லாம் காலியாகவே விட்டார். சகலையின் பக்கத்துக்குப் போனார். யார் பாராட்டுகிறார்கள் என்று பார்த்தார். வெளியே வந்தார். பொறுக்கவில்லை, மறுபடியும் போனார். லைக் இருநூற்று முப்பதாக ஏறியிருந்தது. வயிற்றில் யாரோ அடுப்பு மூட்டியதுபோல இருந்தது.

மறுநாள் சகலையே போன் செய்தார்.

"என்ன சகலை, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஏன், நல்லாத்தானே இருக்கேன்?"

"இல்ல, நேத்து ஒரே நாள்ல நாப்பத்திமூணு தடவை என் பக்கத்தைப் பாத்திருக்கீங்கன்னு இது காட்டுது. அதான் பயந்துட்டேன்."

யார் யார் எட்டிப் பார்த்தார்கள் என்று அந்தத் தளம் கோள் சொல்லும் என்பது ரசமட்டத்துக்கு யார் சொன்னார்கள்! "கை தவறிப் பட்டிருக்கும்" என்றார்.

"நாப்பத்திமூணு தடவையா?"

போனை வைத்ததும் ரசமட்டம் ஒரு முடிவுக்கு வந்தார். இனி தன் பெயரில் பார்ப்பதில்லை. 'கழுகுக்கண்' என்ற பெயரில் இன்னொரு பக்கம் திறந்து, பக்கத்து வீட்டுப் பூனையின் படத்தை ஒட்டினார். முதல் வேலையாகச் சகலையின் போட்டோவுக்குக் கீழே எழுதினார்: "அடியில் கண்ணாடி, மேலே இரும்பு. அடுக்கியவருக்குக் கண் இருக்கிறதா?"

அன்று ஐந்து மாதத்துக்குப் பிறகு முதல் முறையாகக் குறட்டை விட்டுத் தூங்கினார்.

மறுநாள் காலை மனைவி டீயோடு வந்தாள். "இன்னிக்கும் ஒரு போட்டோ போட்டிருக்காராமே, பாத்தீங்களா?"

அதில் தீயணைப்பான் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. கழுகுக்கண் கொத்தினார். அடுத்த நாள் போட்டோவில், 'இந்தப் பக்கம் மேலே' என்று அம்புக்குறி போட்ட பெட்டி தலைகீழாக நின்றது. கொத்தினார். அதற்கடுத்த நாள், முதலில் வெளியே போகவேண்டிய பழைய சரக்கை மறைத்துக்கொண்டு புதுச் சரக்கு நின்றது. அதையும் விடவில்லை. சகலையோ தினமும் ஒரு போட்டோ போடுவதை நிறுத்தவில்லை. "சொரணையே கிடையாது இந்த மனுஷனுக்கு!" என்று ரசமட்டம் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த போட்டோவுக்குக் காத்திருந்தார்.

நாற்பது நாளில் கழுகுக்கண்ணுக்கு மூவாயிரம் ரசிகர்கள் சேர்ந்துவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்தெல்லாம் தங்கள் கிடங்கின் போட்டோவை அனுப்பி, "ஐயா, திட்டுங்கள்" என்று கெஞ்சினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சகலையின் கம்பெனி விளம்பரம் போட்டது. இரண்டு கிடங்குகளுக்கும் சேர்த்து ஒரு தலைமை மேற்பார்வையாளர் வேண்டும். அதாவது, சகலைக்கும் மேலே!

இது கேட்டு வாங்குவதில் சேராது என்று ரசமட்டம் தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் முறையாக விண்ணப்பம் எழுதினார். சொந்தப் பெயரில்.

இரண்டே நாளில் பதில் வந்துவிட்டது. "உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. இந்தப் பணிக்கு நாங்கள் கழுகுக்கண் என்பவரை மனத்தில் வைத்திருக்கிறோம்."

ரசமட்டம் அதை நான்கு முறை படித்தார். பிறகு போனில் இருந்த பூனையை முறைத்துப் பார்த்தார்.

"யாருடா நீ? நேத்து வந்தவன்! இருபத்திரண்டு வருஷம் உழைச்சவனுக்கு இல்லாத வேலை, ஒரு பூனைக்கா?"

சகலைமேல் எரிந்துகொண்டிருந்த நெருப்பு முழுவதும் இந்தப் பக்கம் திரும்பியது. சொந்தப் பெயரில், தன் படத்தோடு எழுதினார்: "கழுகுக்கண் என்பவர் உட்கார்ந்த இடத்திலிருந்து குறை சொல்கிறவர். வாழ்க்கையில் ஒரு பெட்டியாவது தூக்கியிருப்பாரா?"

அனுப்பியதும் மனம் குளிர்ந்தது. அடுத்த நிமிடமே கொதித்தது. யாரைப் பார்த்து என்ன கேள்வி! உடனே பக்கத்தை மாற்றிக் கழுகுக்கண்ணாகப் பதில் எழுதினார்: "நான் தூக்கிய பெட்டிகளை அடுக்கினால் நிலாவுக்கே ஏறிப் போகலாம். ஆறு மாதமாக வீட்டில் இருக்கும் நீங்கள் என்ன தூக்கினீர்கள்?"

இது ரசமட்டத்தின் நெஞ்சில் தைத்தது. 'ஆறு மாசம்னு இவனுக்கு எப்படித் தெரியும்?' என்று ஒரு விநாடி திகைத்தே போனார்.

சண்டை மூன்று நாள் நடந்தது. சோறு ஆறியது. தாடி வளர்ந்தது.

"யார்கூட இப்படி மல்லுக்கு நிக்கறீங்க?" என்றாள் மனைவி.

"ஒரு பொறாமை பிடிச்சவன்கூட."

"ரெண்டு பேர்ல யாரு?"

"ரெண்டு பேருமேதான்" என்றார், தலையைத் தூக்காமல்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவசரத்தில் பக்கத்தை மாற்ற மறந்துவிட்டார். "கழுகுக்கண்ணாகிய நான் சொல்கிறேன். இந்த மனிதருக்குக் கைக்குட்டை மடிக்கக்கூட வராது!" என்ற முழக்கம், அவர் பெயரில், அவர் படத்துக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டது.

அழிப்பதற்குள் அறுநூறு பேர் பார்த்துவிட்டார்கள். முதல் லைக் சகலையுடையது.

ரசமட்டம் போனை அணைத்துத் தலையணைக்கு அடியில் வைத்தார். பிறகு தானும் போர்வைக்கு அடியில் போனார். "போச்சு. இனிமே எந்தக் கிடங்குக்காரனும் என்னை வாசப்படி ஏத்தமாட்டான்" என்று உள்ளேயிருந்து முனகல் கேட்டது.

சற்று நேரத்தில் மனைவி தன் போனில் பேசிவிட்டு வந்து போர்வையை இழுத்தாள். "அந்தக் கம்பெனி முதலாளியம்மா பேசினாங்க. நாளைக்குப் பத்து மணிக்கு ரெண்டு பேரையும் வரச் சொன்னாங்க."

"ரெண்டு பேரா?"

"நீங்களும் கழுகும்."

மறுநாள் முதலாளியம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அவரை மேலும் கீழும் பார்த்தார். மேசைமேல் கழுகுக்கண் எழுதியது அத்தனையும் அச்சடித்து, கற்றையாக இருந்தது. கற்றை கொஞ்சம் கோணலாக இருக்கவே, ரசமட்டத்தின் கை தானாகப் போய் அதைத் தட்டி நேராக்கியது.

"நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர்தானே? அது தெரியாம ஆபீஸ்ல உங்க விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிட்டாங்க."

"ஆமாங்க... மன்னிச்சுக்கணும்..."

"நல்லதாப் போச்சு. நாற்காலி ஒண்ணுதான் இருக்கு. திங்கட்கிழமை வந்துடுங்க. ரெண்டு கிடங்குக்கும் நீங்கதான் தலை. உங்க சகலை உங்களுக்குக் கீழ."

ரசமட்டம் வெற்றியோடு, அறை ஓரமாக நின்றிருந்த சகலையைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகம் கருகுவதைப் பார்க்கத்தானே இத்தனை பாடும்! சகலையோ முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு, கையைப் பிடித்துக் குலுக்கினார்.

'பொறாமைப்படக்கூடத் தெரியாத மனுஷன்' என்று ரசமட்டம் உள்ளுக்குள் நொந்துகொண்டார்.

கிடங்கைச் சுற்றிப் பார்க்கப் போனார்கள். உள்ளே காலை வைத்ததும் ரசமட்டம் அசந்து நின்றார். வரிசைகள் ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்ததுபோல நின்றன. கண்ணாடி மேலே, இரும்பு கீழே. அம்புக்குறிகள் எல்லாம் மேலே பார்த்தன. ஒரு பெட்டி, ஒரே ஒரு பெட்டி, நூலளவு கோணியிருக்கக்கூடாதா என்று தேடினார். இல்லை.

"பாத்தீங்களா சகலை? என் கமென்ட்டைப் படிச்சுப் படிச்சே எல்லாம் திருந்திடுச்சு!"

சகலை இருமினார்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் வண்டியை நிறுத்தி இறங்கினார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ரசமட்டத்துக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டார்.

"வந்துட்டீங்களா சார்? இனிமே தினம் போட்டோ எடுக்கறதுக்காக நேரா இருக்கற பெட்டியை நான் கோணலாக்கி வெக்கவேண்டாமே! 'அவரைக் கூப்பிட்டா வரமாட்டாரு, தினம் ஒரு தப்பு காட்டுங்க, தானா வருவாரு'ன்னு உங்க வீட்டம்மா இங்க வந்து சொன்னப்ப எல்லாரும் தலையாட்டினாங்க, நான் ஒருத்தன்தான் இதெல்லாம் நடக்கற காரியமான்னு சிரிச்சேன்... ஒத்துக்கறேன் சார், நடந்துடுச்சு!"